கிட்டாருக்கு எதற்குக் கடவுள்?

1960களின் நடுவில் லண்டனில் ஒரு சுவரில் யாரோ எழுதி வைத்தார்கள்: கிளாப்டன்தான் கடவுள். கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டனுக்கு அப்போது வயது இருபது சொச்சம். ராக் ரசிகர்களிடம் அந்தப் பக்தி இன்னும் தீரவில்லை. வார இறுதிக்கு ஏற்காடு ஏறும் பையன்களிடமும் அது இருக்கிறது. விடுதி மொட்டைமாடியில் ஸ்பீக்கரை வைத்துக்கொண்டு, உலகின் சிறந்த கிட்டார் சோலோ எது, தகுதிக்கு மீறிக் கொண்டாடப்படுவது எது என்று விடிய விடிய மல்லுக்கட்டுகிறார்கள். கேட்டுப்பாருங்கள்: என் சாமி பெரிசா, உன் சாமி பெரிசா என்ற பழைய சண்டைதான் அது. 1944இல் நீதிக்கட்சி திராவிடர் கழகம் என்று பெயர் மாறியது இந்த மலையின் அடிவாரத்துச் சேலத்தில். பகுத்தறிவு பேசிய அந்த மண்ணில் நின்றுகொண்டு காரணம் கேட்காமல் எப்படிப் போவது?

என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். லெட் செப்பலினின் 'ஸ்டேர்வே டு ஹெவன்' (1971) பாட்டில் ஜிம்மி பேஜ் வாசித்திருப்பது நல்ல சோலோ. ஆனால் உலகிலேயே முதலிடம் என்று பட்டியலுக்குப் பட்டியல் அதை ஏற்றிவைத்ததை நான் ஏற்கவில்லை. அதற்கு முன்னால் ஓடும் ஆறு நிமிடப் பாட்டு நம்மை ஏங்கவைத்துவிடுகிறது. அந்த ஏக்கத்துக்கும் சேர்த்து சோலோவுக்கு மார்க் போடுகிறோம். மேல்நாட்டு இசைக்குழுக்கள் பல, ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது திரைக்குப் பின்னால் உட்காரவைத்து வாசிக்கச் சொல்கின்றன. ரசிகனுக்கும் அந்தத் திரை வேண்டும். பெயரைச் சொல்லாமல் போட்டுக்காட்டி, அதன்பிறகு கேளுங்கள்.

பிங்க் ஃபிளாய்டின் 'கம்ஃபர்ட்டப்ளி நம்' (1979) அந்தச் சோதனையில் தேறும் என்பது என் துணிபு. அதன் கடைசி சோலோவை டேவிட் கில்மர் ஒரே மூச்சில் வாசிக்கவில்லை. ஐந்தாறு தடவை பதிவுசெய்து, ஒவ்வொன்றிலும் நன்றாக வந்த இடங்களைக் குறித்துவைத்து, சேர்த்துக் கோத்தார். இதை அருள் என்று சொன்னால் அவர் காதையும் உழைப்பையும் அவமதிக்கிறோம். 1930களில் ப்ளூஸ் வாசித்த ராபர்ட் ஜான்சன், நாற்சந்தியில் பிசாசிடம் உயிரை விற்று வித்தை வாங்கினார் என்று இன்னும் கதை சொல்கிறார்கள். அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஐக் ஜிம்மர்மன் என்ற கறுப்பின மனிதர். பிசாசைத் தெரிந்த அளவுக்கு அந்த வாத்தியாரை யாருக்கும் தெரியாது.

கடவுள் ஆக்கினால் இன்னொரு கேடும் உண்டு. கறுப்பர்களின் ப்ளூஸைக் கற்று ஆளான அதே கிளாப்டன், 1976 ஆகஸ்டில் பர்மிங்காம் மேடையில் நின்று வெளிநாட்டார் பிரிட்டனை விட்டுப் போகவேண்டும் என்று பேசினார். பின்னாளில் அதற்காக வெட்கப்படுவதாகவும் சொன்னார். அன்றைக்கு அவருடைய ரசிகர்களிலேயே சிலர் சும்மா இருக்கவில்லை. இனவெறிக்கு எதிராக ராக் இசைக்காரர்களைத் திரட்டிய இயக்கம் அந்தக் கோபத்தில் பிறந்தது. அவர்களும் அவர் வாசிப்பை நேசித்தவர்கள்தான். நேசித்தவனை எதிர்த்துக் கேட்க அவர்களால் முடிந்தது. பக்தனால் முடியாது.

நம் கதைக்கு வருகிறேன். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் போகும் சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸின் பழைய வளைவு நிற்கிறது. டி.ஆர். சுந்தரம் 1935இல் தொடங்கிய நிறுவனம். 'வல்லவன் ஒருவன்' (1966) போன்ற அதன் படங்களில் வேதாவின் இசையில் மேல்நாட்டுச் சாயலோடு பாட்டுகள் துள்ளின. அந்தப் பாட்டுகளின் கம்பிகளை மீட்டிய விரல்கள் யாருடையவை? வளைவைக் கடந்து மலையேறும் கிட்டார் பிரியர்களில் யாராவது கேட்டதுண்டா? ஜிம்மி பேஜ் எந்தக் கிட்டாரில் வாசித்தார் என்று மாடல் வரைக்கும் சொல்பவர்கள்தான் அவர்கள்.

'பயணங்கள் முடிவதில்லை' (1982) படத்தின் 'இளைய நிலா'வை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் கிட்டார் பழகும் பிள்ளை என்றைக்காவது அதன்முன் உட்கார்ந்தே தீரும். இளையராஜாவைத் தெரியும், எஸ்.பி. பாலசுப்ரமணியத்தைத் தெரியும், திரையில் வந்த மோகனைத் தெரியும். அந்தக் கிட்டாரை உண்மையில் வாசித்தவர் ஆர். சந்திரசேகர். உலகத்தின் எந்தப் பட்டியலிலும் வைக்கத் தகுந்த வாசிப்பு அது என்பேன். வேகம் காட்டாமல், ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியாகத் துலங்கவிடும் வாசிப்பு. நம் படங்களின் டைட்டிலில் சண்டைக் கலைஞர் பெயர் வரும், ஒப்பனையாளர் பெயர் வரும். வாத்தியம் வாசித்தவர் பெயரைத் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. 1990களில் ஏ.ஆர். ரகுமான் கேசட் அட்டையில் கலைஞர்கள் பெயரை அச்சிட்டார். ஆகவே இடமில்லை, வழக்கமில்லை என்ற சாக்கெல்லாம் செல்லாது.

மே மாதம் ஏற்காட்டில் கோடை விழா நடக்கும். மேடையில் இசைக்குழு ஏறி, யாராவது 'இளைய நிலா'வைத் தொடங்கினால், பாடுபவருக்குக் கை தட்டிவிட்டு, கிட்டாரோடு ஓரமாக நிற்பவர் பெயரைக் கேளுங்கள். அறிவிப்பாளர் சொல்லாவிட்டால் சத்தமாகக் கேளுங்கள்.