ஒரு கிழமைத் தவணை



கனி கொடாத அத்திமரத்தை வெட்டிவிடச் சொன்னான் எஜமான். இன்னும் ஓராண்டு தவணை கேட்டு மன்றாடினான் தோட்டக்காரன். இவ்வுவமையை ஓர் அமெரிக்க விளையாட்டு வீரரின் வாழ்விலும் காண்கிறோம்.

கிறிஸ் காட்டர், அமெரிக்க உதைபந்தாட்டத்தில், கையால் எறியப்படும் பந்தை ஓடிச்சென்று ஏந்தும் வீரர். 1989இல் பிலடெல்பியா ஈகிள்ஸ் அணிக்காக 11 தடவை பந்தை ஏந்தி இலக்கெல்லையை எட்டினார். ஆயினும், குடியும் போதைப்பொருளும் அவரை ஆட்கொண்டிருந்தன. 1990இல் பயிற்றுநர் படி றையன் அவரை வெளியேற்றினார். மினசோட்டா வைக்கிங்ஸ் அணி வெறும் 100 டொலர் கட்டணத்துக்கு அவரை எடுத்துக்கொண்டது.

அங்கே ஓர் ஆலோசகப் பெண்மணி, வாழ்நாள் முழுவதற்கும் சத்தியம் கேட்கவில்லை. ஒரேயொரு கிழமை குடியாதிருக்க முடியுமா என்றே கேட்டார். 1990 செப்டெம்பர் 19இல் குடியை விட்டதாக அவரே சாட்சி சொல்கிறார். அந்தக் கிழமை பின்னர் ஆண்டுகளாய் நீண்டது. 1996இல் அவர் சமயப் போதகரானார். 2002இல் ஓய்வுபெறும்போது 1,101 தடவை பந்தை ஏந்தியிருந்தார். 2013இல் புகழ்மண்டபத்தில் இடம் பெற்றார். அன்று வெளியேற்றப்பட்டதே தமக்கு நன்மையாயிற்று என்றும் கூறினார்.

நம் வீட்டிலும் குடியால் வீழ்ந்த ஒரு மகனோ கணவனோ இருக்கலாம். அவர் குற்றத்தை மூடிமறைப்பது அன்பல்ல. ஆனால், ‘இவன் இனித் திருந்தமாட்டான்’ என்று கோடரியைத் தூக்குவதும் அன்பல்ல. தோட்டக்காரன் தவணை கேட்டதோடு நிற்கவில்லை. வேரைக் கொத்தி எருவிடவும் முன்வந்தான். அந்த வேலை நம்முடையது. இன்றைக்கு ஒரு கிழமை கேட்போம். அக்கிழமை முழுவதும் அவர் அருகிலேயே இருப்போம்.