வட்டி முதலை மிஞ்சலாமா?

கொச்சிக்கடை பொன்னம்பலவாணேஸ்வரர் கோயில் வாசலில் ஓட்டோ பிடித்தால் புதுக்கடை நீதிமன்றங்கள் கூப்பிடு தூரம்தான். பக்கத்திலேயே செட்டியார் தெரு. நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் அங்கே வட்டிக்குக் கொடுத்த காலத்தில், பேரேட்டில் பிள்ளையார் சுழி போடாமல் பற்று வரவு எழுதமாட்டார்கள். கடவுளைச் சாட்சி வைத்துக் கொடுத்த கடன் எவ்வளவு வளரலாம்?

இஸ்லாம் வட்டியையே விலக்கியது. மனு தர்ம சாஸ்திரம் அனுமதித்தது. ஆனால் பணக் கடனில் வட்டியும் முதலும் சேர்ந்து இரட்டிப்பைத் தாண்டக்கூடாது என்றது. (சூத்திரரிடம் கூடுதல் வட்டி வாங்கச் சொன்னதும் அதே நூல்தான். ஆகவே அதன் கருணையை ரொம்பவும் மெச்ச வேண்டியதில்லை.) உரோம டச்சுச் சட்டத்திலும் இந்த வரம்பு உண்டு. வேடிக்கை என்னவென்றால், இலங்கையின் வர்த்தகத்துக்குள் ஆங்கிலச் சட்டத்தைக் கொண்டுவந்த 1852 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமும் அதைக் கைவிடவில்லை: அறவிடும் வட்டி முதலை மிஞ்சலாகாது என்று எழுதியே வைத்தது.

அந்த வேலி பிரிந்தது 1990 இல்.

அவ்வருடத்தின் 2 ஆம் இலக்கக் கடன் அறவீட்டுச் சட்டப்படி வழக்காடும் வங்கி, முதலைவிடக் கூடிய வட்டியையும் கேட்கலாம். சத்தியக் கடதாசியும் ஆவணங்களும் சரியாக இருந்தால், கடனாளியைக் கேட்குமுன்பே நீதிமன்றம் நிபந்தனையோடு தீர்ப்பாணை வழங்கிவிடும். எதிர்வாதம் செய்யக் கடனாளி அனுமதி வாங்க வேண்டும். 1996 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கச் சட்டத்தின் வழியாகப் பெரிய வர்த்தக வழக்குகள் கொழும்பு வர்த்தக மேல் நீதிமன்றத்துக்குப் போனபோதும், இந்த அறவீட்டு வழக்குகளுக்கு அவற்றின் தனிப் பாதை அப்படியே இருந்தது. வேகத்துக்கு நியாயம் இல்லாமல் இல்லை. வங்கி கொடுப்பது வைப்பாளர்களின் பணம். வழக்கு இழுபட்டால் ஓய்வூதியக்காரரின் சேமிப்பும் மாட்டிக்கொள்ளும்.

ஆனால் கணக்கைப் பாருங்கள். செட்டியார் தெரு நகைக்கடைக்காரர் ஒருவர் தெரிந்தவருக்கு 10 இலட்சம் கொடுத்து, ஒரு சதமும் வராமல் வழக்குப் போடுகிறார். வட்டி எவ்வளவு ஏறியிருந்தாலும் 10 இலட்சத்தோடு நின்றுவிடும். அதே தொகையைக் கொடுத்த வங்கி 1990 சட்டத்தின் கீழ் வந்தால் அந்தத் தடை இல்லை. பழைய தர்மம் இப்போது தனியாளை மட்டும் கட்டுகிறது.

கொடுப்பவரின் பேராசையை அடக்க வந்த வரம்பு என்றால், அடுத்தவர் பணத்தைக் கையாளும் வங்கி விலக்குக் கேட்பதில் பொருளுண்டு. கடன்பட்டவர் மூழ்கிப்போகாமல் காக்க வந்தது என்றால் அந்த வாதம் எடுபடாது. மனுவின் இரட்டிப்பு வரம்பு கொடுத்தவர் யார் என்று பார்க்கவில்லை. கடன் எவ்வளவு ஏறிற்று என்றுதான் பார்த்தது. 1990 சட்டம் முதலில் பார்ப்பது கொடுத்தவர் யார் என்பதை.