உயிரணுவும் உயிரும்

கம்பம் பள்ளத்தாக்கில் அனுமந்தன்பட்டியைச் சூழ்ந்த நிலங்களில் பன்னீர்த் திராட்சைப் பந்தல்கள் உள. 2023ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற இவ்வினத்தை மேனாட்டார் மஸ்கட் ஹாம்பர்க் என்பர். இதனை வித்திட்டு வளர்ப்பாரிலர். முற்றிய குச்சியை வெட்டி நட்டே பெருக்குவர். ஆகவே, பண்டு மேனாட்டில் ஒரு வித்தினின்று முளைத்த ஒரே கொடியின் துண்டங்களே இப்பந்தற்கொடிகள் யாவும் என்பது பெறப்படும்.

ஈண்டு ஓர் ஐயம் எழுகின்றது. கொடியை நூறாக வெட்ட நூறும் தழைக்குமாயின், அதன்கண் நின்ற உயிரும் நூறாயிற்றோ? ஆயிற்றெனின், உயிர் கூறுபடும் பொருளாய் அழிவெய்தும். இன்றெனின், ஏனைய துண்டங்கள் தழைத்தவாறு யாங்ஙனம்? உடலின் குணமே உயிரென்னும் உலகாயதர்க்கு இது நல்லதொரு வாயில்.

உயிர்நூலார் கூற்றை முதற்கண் கேட்போம். உடம்பு செல் என்னும் நுண்ணறைகளால் ஆயது. அறையின் உட்கருவில் குரோமோசோம் என்னும் இழைகள் உள. மக்கட்கு 46, திராட்சைக்கு 38. அவற்றுள் முறுக்கிய இருபுரி வடமாய் நிற்பது டி.என்.ஏ. அதன் வடிவை 1953இல் வாட்சன், கிரிக் என்பார் வெளிப்படுத்தினர். நான்கே எழுத்துக்களான் எழுதிய ஏடு போல்வது அது. அறை இரண்டாதற்குமுன் இருபுரியும் பிரிந்து, ஒவ்வொன்றும் தனக்கு இணையான புரியைக் கூட்டிக்கொள்ளும். ஏடு பெயர்த்தெழுதுவார்க்கு நேர்வதுபோலச் சிற்சில பிழை நேரினும், குச்சிதோறும் உள்ளது தாய்க்கொடியின் ஏடே.

இஃது எமக்கும் உடன்பாடு. எனினும் ஏடு தன்னைத் தான் அறியாது. சடமாகலின், மாயாகாரியமாகிய தனுவின்பாற்படும். செல்லை 'உயிரணு' எனத் தமிழ்ப்படுத்தினார் மயக்கத்திற்கு இடந்தந்தனர். உடலணு என்றிருப்பின் நன்றாம்.

அற்றேல், ஒரே ஏட்டுக்குப் பல உயிர் எங்ஙனம் எனின், ஒரு கருவே இரண்டாய்ப் பிரிந்து பிறந்த இரட்டையரைக் காண்க. ஏடு ஒன்றே, ஒருவன் நோவை மற்றவன் நுகரான். ஏட்டின் ஒருமை உயிரின் ஒருமையைக் காட்டாது. வெட்டுண்ட குச்சியும், வித்தும் கருப்பையும் போல, வேறோர் உயிர்க்கு அமைந்த இடமாம். வினைக்கீடாக அவ்வுயிர் வந்து பொருந்தும். பழைய உயிர் கூறுபட்டதில்லை.

பொருந்துங் காலம் எது? தனித்து உண்டு வாழும் ஆற்றல் வேரோடு வருதலின், வேர்விட்ட பொழுதே என்பது எம் கருத்து. அதுகாறும் குச்சியைப் பசுமையாய் வைத்திருப்பது யாதெனக் கடாவின், அறைகளில் எஞ்சிய இயக்கம் என்போம். அறுந்த பல்லிவாலும் சிறிதுபொழுது துடிக்கின்றதன்றோ? ஆயின் வால் ஓய்ந்துவிடுகின்றது. குச்சியோ ஓயாது வேர்விடுகின்றது. இவ்வேற்றுமையை ஆதீனப் புலவர்கள் ஆராய்ந்து எழுதுவாராக.