தப்பு இல்லை, பணம் கொடு

மங்கலம்பேட்டையில் கான்டெஸாவை எங்கே நிறுத்தினாலும் முதல் கேள்வி, "எவ்வளவு குடுக்குது?" லிட்டருக்கு எட்டு, ஒன்பது என்றதும் கேட்டவர் முகத்தில் என் அப்பாவை நினைத்து ஒரு பரிதாபம் தெரியும். அடுத்த கேள்வி, "ஏன் தம்பி இது?" அதற்கு என்னிடம் நல்ல பதில் கிடையாது. அப்பாவின் உரக்கடையில் உட்காருகிறேன். மூட்டை ஏற்ற மினி லாரி இருக்கிறது, எனக்கென்று பைக் இருக்கிறது. ஆக, கான்டெஸா எந்த வேலைக்கும் தேவையில்லை. அந்த நீண்ட மூக்கு சின்ன வயதிலிருந்தே பிடிக்கும், விலைக்கு வந்தது, வாங்கிவிட்டேன்.

இங்கிலாந்தில் 1970களில் ஓடிய வாக்ஸால் காரின் அச்சை வாங்கி, மேற்கு வங்கத்து உத்தர்பாரா ஆலையில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் செய்த வண்டி இது. 1980களில் வந்தபோது இவ்வளவு பெரிய உடம்புக்கு அம்பாசிடரின் 1.5 லிட்டர் எஞ்சினை வைத்திருந்தார்கள். மேடு ஏறும்போது மூச்சு வாங்கும். பிறகுதான் ஜப்பானின் இசுசு எஞ்சின், 1.8 லிட்டர், ஐந்து கியர். அமைச்சர்களும் மில் முதலாளிகளும் பின்சீட்டில் சாய்ந்து போன காலம் அது. 2002இல் உற்பத்தி நின்றது. என் வண்டி 1996ஆம் ஆண்டுடையது, என்னைவிட மூத்தது. ஏர்பேக் இல்லை, ஏபிஎஸ் இல்லை. ஒரு டன்னுக்கு மேல் இரும்பு. ஓட்டுகிறவன் காலைத் தவிர அதை நிறுத்த வேறு எதுவும் கிடையாது.

உளுந்தூர்ப்பேட்டை - விருத்தாசலம் சாலையை அறிந்தவர்களுக்கு அது பாதி சாலை, பாதி களம் என்று தெரியும். தை பிறந்தால் நெல், பிறகு உளுந்து, எள், நடுவில் மக்காச்சோளம். காயப்போட்டு, ஓரத்தில் வண்டி ஏறாமலிருக்கக் கருங்கல்லை வரிசையாக வைப்பார்கள். களத்தைத் தாண்டி ஆடு வரும். போன பங்குனியில் அப்படி ஒரு மந்தை சாலையைக் கடந்தது. வேகத்தைக் குறைத்தேன், நாற்பதுக்கும் கீழே. தாய் ஆடு கடந்துபோய்விட்டது. பின்னால் வந்த குட்டி எதையோ கண்டு மிரண்டு திரும்பி ஓடிவந்தது. பிரேக்கை மிதித்தேன், டயர் எள் தூசியில் வழுக்கியது. முன் சக்கரத்தில் ஒரு மெல்லிய தடங்கல், அவ்வளவுதான்.

கூட்டம் கூடியது. ஒரு பெரியவர் குனிந்து பார்த்துவிட்டு, "உயிர் இருக்கா பாரு, இருந்தா பாயைக் கூப்பிட்டு அறுத்துடலாம்" என்றார். உயிர் இல்லை. அவரே நிமிர்ந்து, "தம்பி மேல தப்பு இல்ல. அதுவா வந்து உழுந்துச்சு, நான் பாத்துக்கிட்டுதான இருந்தேன்" என்று எல்லாருக்கும் கேட்கும்படி தீர்ப்புச் சொன்னார். அதே மூச்சில் என்னைப் பார்த்து, "ஆயாவுக்கு ஒரு நாலாயிரம் குடுத்துட்டுக் கெளம்பு" என்றார். எங்கள் பக்கம் வண்டியில் அடிபடுகிற ஆடெல்லாம் சினை ஆடாகத்தான் இருக்கும். இது கிடாக்குட்டி என்பதால் அந்த வாதம் எடுபடவில்லை; "ஆடி வரைக்கும் வளத்திருந்தா" என்ற வாதம் எடுபட்டது. ஆயா பணத்தை எண்ணி முந்தானையில் முடிந்துகொண்டு, மீதி ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனார்.

என் நண்பன் ஒருவன் வக்கீலுக்குப் படிக்கிறான். தப்பு இல்லையென்றால் பணம் எதற்கு, பணம் என்றால் தப்பு இருக்கிறது என்று அர்த்தம், இரண்டில் ஒன்றைச் சொல்லச் சொல் என்றான். அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கும் அது முரணாகப் படவில்லையே என்றுதான் எனக்கு யோசனை ஓடியது. அவர்கள் யோசிக்காமல் சொன்னார்கள் என்று நான் நினைக்கவில்லை. இதே கேள்வியை நம் மண்ணில் நெடுங்காலமாகக் கேட்டிருக்கிறார்கள். அந்தக் கேள்வியிலும் ஒரு இளைஞனும் ஒரு பெரிய வண்டியும் இருக்கிறார்கள்.

மனுநீதிச் சோழன் கதையை எல்லாரும் நீதிக் கதையாகப் படித்துவிட்டு அரசனைப் பாராட்டுவார்கள். சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் சிலையே இருக்கிறது. மகனைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பெரியபுராணத்தைத் திறந்து பாருங்கள். சிதம்பரம் கோயிலில் அரங்கேறிய நூல் அது, எங்கள் மாவட்டத்துச் சரக்கு. சேக்கிழார் அந்த இளவரசனைக் கண்மண் தெரியாமல் தேரை விரட்டியவனாகக் காட்டவில்லை. திருவாரூர் வீதியில் பரிவாரத்தோடு போகிறான். யார் கண்ணிலும் படாமல் ஒரு கன்று துள்ளிப் பாய்ந்து சக்கரத்துக்கிடையில் புகுந்துவிடுகிறது. அந்தப் பெரியவர் என்னைப் பற்றிச் சொன்ன அதே தீர்ப்பு: அதுவாக வந்து விழுந்தது. மகன் தேரைவிட்டு இறங்கித் துடிக்கிறான். கழுவாய் கேட்க அந்தணர்களிடம் போகிறான். தாய்ப்பசு போய் ஆராய்ச்சி மணியை அடிக்கிறது. அந்தணர் விதித்த கழுவாயைச் செய்துவிட்டால் போதும் என்கிறார்கள் அமைச்சர்கள். என் மகனுக்கு ஒரு சட்டம், நாளை வேறொருவனுக்கு இன்னொரு சட்டமா என்று அரசன் மறுக்கிறான்.

இதில் எனக்கு ஒரு உறுத்தல் உண்டு. மகன்மேல் தேரை ஓட்டும்படி அரசன் ஓர் அமைச்சருக்குக் கட்டளையிடுகிறான். அவர் அதைச் செய்ய மனமில்லாமல் தன் உயிரையே விட்டுவிடுகிறார். அதன் பிறகுதான் அரசன் தானே தேரேறுகிறான். கன்றைக் கொன்றது தற்செயல். அமைச்சரின் சாவு கட்டளையால் வந்தது. கடைசியில் சிவபெருமான் காட்சி கொடுத்து கன்று, இளவரசன், அமைச்சர் மூவரையும் எழுப்பிவிடுவதால் கணக்கு நேராகிவிடுகிறது. அந்த முடிவை எடுத்துவிட்டால், நீதிக்காக இன்னொரு உயிரும் போன கதையாகத்தான் அது நிற்கும். கடலுக்கு அந்தப் பக்கம் அப்படித்தான் நிற்கிறது. இலங்கையின் மகாவம்சம் இதே கதையை எல்லாளன் பேரில் சொல்கிறது: சோழ நாட்டிலிருந்து போய் அனுராதபுரத்தை ஆண்டவன், கன்றைக் கொன்ற அதே சக்கரத்தால் மகன் தலையைத் துண்டிக்கச் செய்தான். அங்கே யாரும் எழுந்து வருவதில்லை.

மகாவம்சத்தில் எல்லாளனைப் பற்றி இன்னொரு செய்தி உண்டு. எனக்கு இதுதான் அதிகம் பிடிக்கும். அவன் தேரில் போகும்போது நுகத்தடி ஒரு பௌத்தத் தூபியில் இடித்துக் கல் பெயர்ந்துவிடுகிறது. அவனுக்கே தெரியாமல் நடந்தது. தெரிந்ததும் இறங்கித் தெருவில் படுத்து, என் தலையையும் சக்கரத்தால் வெட்டுங்கள் என்கிறான். அமைச்சர்கள் மறுக்கிறார்கள்: தூபியைச் சீர்செய்து கொடுங்கள், அது போதும். பெயர்ந்தது 15 கல். அவன் செலவழித்தது 15,000 காசு. இந்த அமைச்சர்களைத்தான் எங்கள் சாலையோரப் பெரியவரின் முன்னோர் என்பேன். தலையும் வேண்டாம், கையை விரிக்கவும் வேண்டாம். உடைந்ததற்கு, உடைந்ததைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கொடு.

இதற்கு எதிர்வாதம் வலுவானது. எண்ணம்தான் வினை என்று பௌத்தர்கள் வாதாடினார்கள். எண்ணமில்லாத இடத்தில் பாவம் எங்கிருந்து வரும்? சமணர்கள் விடவில்லை. சூத்திரகிருதாங்கம் என்ற அவர்களுடைய ஆகமத்தில் ஒரு கடுமையான கேலி இருக்கிறது. குழந்தையைச் சுரைக்காய் என்று நினைத்துக் குத்தினால் பாவமில்லை, சுரைக்காயைக் குழந்தை என்று நினைத்துக் குத்தினால் பாவம் என்கிறீர்களே, இது என்ன நியாயம் என்பது அதன் சாரம். கடலூர்த் திருப்பாதிரிப்புலியூர் ஒரு காலத்தில் பெரிய சமண நிலையம். அப்பர் தருமசேனராக இருந்த இடம். இந்தச் சண்டை அங்கேயும் நடந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

என் கான்டெஸாவைப் பார்த்துக்கொள்கிற மெக்கானிக் பாய், நான் ஆட்டுக் கதையைச் சொன்னபோது ஸ்பேனரைக் கீழே வைக்காமலே பேசினார். "எங்க குர்ஆன்ல இருக்கு தம்பி. தெரியாம ஒரு மனுசன கொன்னுட்டாலும் குடும்பத்துக்கு ஈடு கொடுக்கணும், ஒரு அடிமைய விடுதலை பண்ணணும். அதுக்கு வழியில்லன்னா ரெண்டு மாசம் விடாம நோன்பு வைக்கணும்." நிசா அத்தியாயத்தின் 92ஆம் வசனம் அது. ஆடு பற்றியதல்ல, மனித உயிர் பற்றியது. ஆனால் அதில் இரண்டு தனித்தனிக் கணக்கு இருப்பதைக் கவனித்தேன். ஈட்டுத்தொகை இழந்தவர்களுக்கு. நோன்பு யாருக்கும் போய்ச் சேர்வதில்லை, அது ஓட்டியவனுக்கானது. அவன் உள்ளத்தில் என்னமோ நடந்துவிட்டது, அதற்கு ஒரு கால அளவும் ஒரு வேலையும் கொடுத்துவிடுகிறார்கள். பாயிடம் இதைச் சொன்னபோது, "பின்ன? பணத்தோட முடிஞ்சிடுமா?" என்று பிரேக் டிரம்மைக் கழற்றப் போய்விட்டார்.

நம் சட்டத்திலும் முதல் கணக்கு இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தம் கொண்டுவந்த 164ஆம் பிரிவின்படி, விபத்தில் இறந்தவர் குடும்பத்துக்கு 5 லட்சம், கொடுங்காயம் பட்டவருக்கு இரண்டரை லட்சம்; ஓட்டியவர்மேல் தப்பு என்று யாரும் நிரூபிக்கத் தேவையில்லை. என் நண்பனின் முரணைச் சட்டமே ஒப்புக்கொண்டு அதன்மேல் கையெழுத்துப் போட்டிருக்கிறது. இரண்டாவது கணக்கைத்தான் எந்த இன்சூரன்ஸ் கம்பெனியும் எடுத்துக்கொள்வதில்லை.

அந்த இரண்டாவது கணக்கை இங்கிலாந்தின் தத்துவப் பேராசிரியர் பெர்னார்ட் வில்லியம்ஸ் 1976இல் ஒரு கட்டுரையில் எடுத்துப் பேசினார். தன் தப்பே இல்லாமல் குழந்தைமேல் லாரியை ஏற்றிவிட்ட ஓட்டுநர் அவருடைய உதாரணம். வேடிக்கை பார்த்தவனுக்கு வரும் வருத்தம் வேறு, ஓட்டியவனுக்கு வரும் வருத்தம் வேறு என்கிறார். உன் தப்பு இல்லை என்று நாம் அவனைத் தேற்றத்தான் வேண்டும். ஆனால் தேற்றியதும் அவன் சட்டென்று தேறிவிட்டால் அவனைப் பற்றி நமக்குச் சந்தேகம் வரும். இதைப் படித்ததும் கழுவாய் தேடி ஓடிய அந்த இளவரசன்தான் நினைவுக்கு வந்தான்.

ஆனால் வில்லியம்ஸின் லாரிக்காரர் பிழைப்புக்கு ஓட்டியவர். நான் அப்படியில்லை. இளவரசனும் அப்படியில்லை, அவன் போனது உலா. அரிசி ஏற்றிய லாரியும் பள்ளிக்கூடப் பேருந்தும் சாலையில் இருந்தாக வேண்டும். அவற்றின் ஆபத்தை ஊர் சேர்ந்து ஏற்றுக்கொண்டிருக்கிறது. கான்டெஸாவின் எடையை என் ஆசைக்காக ஆயாவின் ஆடுகளுக்கு நடுவே நான் கொண்டுவந்து விட்டேன். இன்பத்துக்காக ஓட்டுகிறவன், தப்பில்லாத இடத்திலும், தேவைக்கு ஓட்டுகிறவனைவிடக் கூடுதலாகக் கடன்பட்டவன் என்று எனக்குத் தோன்றுகிறது. நாலாயிரம் என்றபோது நான் பேரம் பேசாததற்குக் காரணம் தாராளம் இல்லை.

இப்படி யோசித்தால் எங்கே போய் நிற்பது என்று கேட்கலாம். போய் நின்ற ஒருவர் எங்களுக்குப் பக்கத்திலேயே இருந்தார். சிதம்பரத்தை அடுத்த மருதூரில் 1823இல் பிறந்த வள்ளலார், கையை வீசி நடக்கவே கூச்சப்பட்டுக் கைகட்டி நடந்ததாகத் தன்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். கை வீச்சே உலகத்தின்மேல் ஓர் இடி என்று பட்ட மனசு. அவர் 1854இல் வெளியிட்ட உரைநடை நூல் எதைப் பற்றித் தெரியுமா? இதே மனுநீதிச் சோழன், மனுமுறைகண்ட வாசகம். அதில் அரசன், இந்தப் பழி வர நான் என்ன பாவம் செய்தேனோ என்று ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டே போகிற பகுதி பெயர்பெற்றது. கன்றுக்குப் பால் விடாமல் கட்டிவைத்ததும் அந்தப் பட்டியலில் உண்டு, போக்குவரத்து வழியை அடைத்ததும் உண்டு. அரசன் தேடுவதெல்லாம் தேர் கிளம்புவதற்கு முன்னால் நடந்தவற்றை. சக்கரத்தடியில் தப்பு அகப்படாதபோது, அதற்கு முந்திய நாட்களில் போய்த் தேடுகிறான். எனக்கு அது ஊழ்வினைக் கணக்காகத் தெரியவில்லை. பராமரிப்புக் கணக்காகத் தெரிகிறது. டயரை எப்போது மாற்றினாய்? பிரேக் பிடிப்பு குறைந்ததாக பாய் சொன்னாரா? களம் இருக்கிற சாலையில் மதியம் ஏன் போனாய்? என் விஷயத்தில் இதற்கெல்லாம் சரியான பதில்தான் இருந்தது. கேட்டுப் பார்த்துக்கொண்ட பிறகுதான் அது தெரிந்தது.

அப்பா வண்டியை விற்றுவிடச் சொல்கிறார். விற்றால் இந்த எடை இதே சாலையில் வேறொருவன் காலடியில் ஓடும், அவ்வளவுதான் வித்தியாசம் என்று நான் சொன்னால், "பெட்ரோல் காசாவது மிச்சம்டா" என்கிறார். அதற்கு மறுபேச்சு கிடையாது.

எழுந்து தந்தையை வணங்கிய இளவரசன் அதன் பிறகு என்ன ஆனான் என்று சேக்கிழார் சொல்லவில்லை. மறுபடி தேரில் ஏறியிருப்பான் என்றே நினைக்கிறேன். அரசனாகப் போகிறவன் நடந்தே காலத்தை ஓட்ட முடியாது. பரிவாரத்தை வைத்துக்கொண்டானா, குறைத்துக்கொண்டானா, தேருக்கு முன்னால் கன்றுகாலியை விலக்க ஆள் விட்டானா என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டியிருக்கிறது. நான் இப்போதைக்கு அறுவடைக் காலத்தில் கான்டெஸாவை இரவு எட்டு மணிக்கு மேல்தான் எடுக்கிறேன். அந்த நேரத்தில் ஆடுகள் பட்டியில் இருக்கும். கருங்கல் இருக்கும், அது வேறு பிரச்சினை.