கொசுவுக்கு எல்லைக்கல் தெரியாது

நோய் தீர்ப்பது விற்பனைச் சரக்கா, ஒருவருக்கொருவர் பட்ட கடனா? சந்தையை நம்புவோர் முதலாவதைச் சொல்வார்கள். போட்டி இருந்தால் விலை குறையும், தேர்வு கூடும் என்பது அவர்கள் வாதம். அதில் உண்மை உண்டு. 2021இல் மலேசியாவின் கோவிட் தடுப்பூசித் திட்டத்தில் தனியார் கிளினிக்குகளும் கைகொடுத்தன. ஆனால் ஊசிக்குப் பணம் தந்தது அரசு. வெளிநாட்டுத் தொழிலாளிக்கும் அது இலவசம். சந்தை அங்கே வேலையாள்தான்.

கோலசிலாங்கூர், பத்தாங் பெர்ஜுந்தை ரப்பர்த் தோட்டங்கள் இதைவிடப் பழைய சாட்சி. ஒப்புக்கொண்டுதானே கப்பலேறினான் என்று தொழிலாளியைச் சொல்லலாம். லயத்தில் காய்ச்சலில் நடுங்கியவனுக்கு வேறு வைத்தியரைத் தேட வழியேது? தெற்கே கிள்ளானில் 1901 முதல் மருத்துவர் மால்கம் வாட்சன் வடிகால் வெட்டி மலேரியாவைக் குறைத்துக் காட்டினார். தோட்டத் துரைமார்களுக்கும் கணக்குப் புரிந்தது: நோயாளி பால்மரம் சீவமாட்டான். அப்படியானால் லாப நோக்கே போதுமே என்று கேட்பார்கள். போதாது. ஒரு தோட்டம் சதுப்பை வடித்து, அடுத்தது சும்மா இருந்தால், கொசு எல்லைக்கல்லைப் பார்த்துத் திரும்பிப் போகாது. அண்டை வீட்டான் பெறும் நலனுக்கு யார் விலை வைப்பது? தோட்ட ஆஸ்பத்திரியைச் சட்டம் போட்டுக் கட்டவைக்க நேர்ந்ததும் சும்மா அல்ல. தோட்டத்துக்குத் தோட்டம் மாரியம்மனை வைத்துக் கும்பிட்ட தொழிலாளிகள் அம்மையை ஒரு வீட்டுத் துன்பமாக எண்ணவில்லை; ஊரே விரதமிருந்தது. வேப்பிலை மருந்தாயிற்றா என்பது வேறு கேள்வி. தொற்று யாருடையது என்பதில் அவர்களுக்குக் குழப்பமில்லை.