வாங்காமல் போன கூலி

சிவகாசி பக்கத்து விஸ்வநத்தம் ஊர்ப் பிள்ளையே, பட்டாசு ஆலை வெடி விபத்தில் அப்பாவை இழந்த உன்னிடம்தான் பேசுகிறேன். அப்பா போட்டோவுக்கு மாலை போட்டாயிற்று. பதினாறாம் நாள் காரியமும் முடிந்தது. இனி சொந்தக்காரர் ஒருவர் வந்து உட்கார்ந்து, "பிளஸ் டூ முடிச்சாச்சுல்ல? பட்டாசு ஆபீஸ்ல சொல்லி வைக்கவா?" என்று கேட்பார். அக்கறையில்தான் கேட்பார். எழுந்து நின்று சொல்: "வேணாம் மாமா. நான் காலேஜுக்குப் போறேன்."

குரல் நடுங்கினால் நடுங்கட்டும். சொல்லிவிடு.

அப்பாவின் கையை நினைத்துப் பார். அலுமினியப் பவுடர் நகக்கண்ணில் ஏறி, எத்தனை சோப்புப் போட்டாலும் போகாமல் மினுங்கிய கை. சோற்றைப் பிசையும்போதும் ரேகையெல்லாம் சாம்பல் பூத்திருக்கும். அந்தக் கை யாருக்காக வெந்தது? நீ அதே வெடிமருந்து அறைக்கு நடந்து போவதற்கா?

"பணத்துக்கு எங்கே போக?" என்கிறாய். பட்டாசு ஆலை வெடி விபத்து இந்தப் பக்கத்துக்குப் புதிதல்ல. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. 2021 பிப்ரவரியில் அச்சன்குளம். 2024 மே மாதம் செங்கமலப்பட்டி. நிவாரணப் பணம் கடனுக்கும் வட்டிக்குமே போய்விடும் கதை இந்தப் பக்கம் எல்லாருக்கும் தெரியும். 2024 நவம்பரில் விருதுநகருக்கு வந்த முதலமைச்சர் ஸ்டாலின், வெடி விபத்தில் இறந்த தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கு உயர்கல்வி வரை ஆகும் செலவை அரசே ஏற்கும் என்று அறிவித்தார். முதற்கட்டமாக 5 கோடி ரூபாய். இவ்வளவு தாமதமா என்று எனக்கும் கோபம்தான். ஆனாலும் அது தர்மப் பணம் இல்லை. உன் அப்பா வாங்காமல் போன கூலி. கூனிக் குறுகாமல் கேட்டு வாங்கு. அரசுப் பள்ளியில் படித்த பெண்ணா? புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். பையனா? தமிழ்ப் புதல்வன் இருக்கிறது.

"காமராஜர் படிச்சா ஜெயிச்சார்?" என்று ஒருவர் கட்டாயம் கேட்பார். விருதுநகரில் ஆறு வயதில் தகப்பனை இழந்து, பாதியில் படிப்பை விட்டு மாமன் கடைக்குப் போனவர் அவர். 1954-ல் முதலமைச்சரானதும் என்ன செய்தார்? என்னைப் போல் இருங்கள் என்றாரா? ஊர் ஊராகப் பள்ளிக்கூடம் திறந்தார், மதியச் சோறு போட்டார். இழந்தவருக்குத்தான் இழந்ததன் விலை தெரியும்.

ஊர்ப் பெரியவர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. காமராஜர் படித்த சத்திரிய வித்யாசாலா, வீட்டுக்கு வீடு எடுத்து வைத்த பிடி அரிசியில் வளர்ந்த பள்ளி. அரசுப் பணம் கைக்கு வரும்வரை காலேஜ் காத்திருக்காது. கூட வேலை பார்த்தவர்கள் தீபாவளி போனஸில் ஆளுக்குக் கொஞ்சம் போட்டால் முதல் பருவக் கட்டணம் தேறிவிடும். கண்ணீர் அஞ்சலி பிளெக்ஸுக்குக் கொடுத்த காசை இங்கே கொடுங்கள்.

பிள்ளையே, இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மார்க் ஷீட், ஆதார், எல்லாவற்றிலும் இரண்டிரண்டு ஜெராக்ஸ் எடு. முதல் பட்டதாரிச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் இன்றே எழுதிப் போடு. திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸில் குறைதீர்க்கும் கூட்டம். அம்மாவையும் கூட்டிக்கொண்டு காலையிலேயே பஸ் ஏறு. படிப்புச் செலவு கேட்டு மனுக் கொடு. ரசீது வாங்காமல் திரும்பாதே.