சராசரி மனிதனும் உயரமான பெண்ணும்

உயரமான பெண்ணைக் குறிக்க மதுரைப் பக்கத்துப் பேச்சில் புழங்கும் சொற்களில் பாதிக்கு மேல் ஏளனம்தான். பனைமரம், நெட்டச்சி, ஒட்டடைக்குச்சி. ஆணின் உயரம் கம்பீரம் என்றால் பெண்ணின் உயரம் கல்யாணத்துக்கு இடைஞ்சல். மாப்பிள்ளை பெண்ணைவிட நாலு விரற்கடையாவது உயர்ந்திருக்க வேண்டும் என்பது எந்த சாஸ்திரத்தையும் புரட்டாமலே எல்லோரும் கடைப்பிடிக்கும் விதி. இந்த ஏளனம் பழையது. அதை விவரிப்பது என் நோக்கமில்லை. ஏளனம் இருந்த இடத்தில் ஓர் எண்ணை வைத்துவிட்டால் அது அறிவாகிவிடுமா என்பதே என் கேள்வி.

பி.எம்.ஐ. என்று இன்று வீட்டுக்கு வீடு தெரிந்த எண் அது. எடையைக் கிலோவிலும் உயரத்தை மீட்டரிலும் எடுத்துக்கொண்டு, உயரத்தின் வர்க்கத்தால் எடையை வகுத்தால் கிடைப்பது. 18.5க்குக் கீழே மெலிவு, 25ஐத் தொட்டால் அதிக எடை, 30ஐத் தொட்டால் உடற்பருமன் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பகுப்பு. ஆசிய உடல்களில் ஆபத்து முன்னதாகவே தொடங்கிவிடுகிறது என்பதால் 2004இல் 23ஐயும் ஓர் எச்சரிக்கைக் கோடாகச் சேர்த்தார்கள். 2009இல் இந்திய மருத்துவர்கள் கூடி வகுத்த வழிகாட்டுதலில் 23 அதிக எடைக்கும் 25 பருமனுக்கும் எல்லைகளாயின.

என் அக்கா மகள் வாலிபால் ஆடுகிறவள். உயரம் 177 செ.மீ., எடை 74 கிலோ. ஒரு மருத்துவ முகாமில் அவளுடைய அட்டையில் 23.6 என்று எழுதிப் பக்கத்திலேயே ‘அதிக எடை’ என்றும் குறித்துக் கொடுத்தார்கள். அதுவரை ஊர் அவளைப் பற்றிச் சொன்னது ஒரே குற்றம், உயரம். அதற்காக அவள் கொஞ்சம் கூனி நடக்கவும் பழகியிருந்தாள். இப்போது இரண்டாவது குற்றமும் சேர்ந்துகொண்டது. ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தினாள். “மாமா, நான் உயரமா இருக்கேனா, குண்டா இருக்கேனா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க” என்றாள். விளையாட்டாகத்தான் கேட்டாள். ஆனால் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகப் புள்ளியியல்காரர்கள் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் கேள்வி அதுவே. ஒரு மனுஷியின் எடையில் உயரத்துக்குச் சேர வேண்டிய பங்கு எவ்வளவு?

ஒரு சிறிய விக்ரகத்தையும், வடிவம் மாறாமல் இரட்டிப்பு உயரத்தில் வார்த்த இன்னொன்றையும் தராசில் வைத்தால் பெரியது எட்டு மடங்கு கனக்கும், நான்கு மடங்கல்ல. வடிவம் மாறாவிட்டால் எடை உயரத்தின் மூன்றாம் அடுக்கில் ஏறும். பி.எம்.ஐ.யோ இரண்டாம் அடுக்கோடு நின்றுவிடுகிறது. மனிதர்கள் அச்சில் வார்க்கப்பட்டவர்கள் அல்லர். உயரம் கூடும் அதே விகிதத்தில் அகலம் கூடுவதில்லை. ஆகவே உண்மை இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையில் இருக்க வேண்டும் என்று ஆக்ஸ்போர்டின் கணித அறிஞர் நிக் டிரெஃபெதன் 2013இல் வாதிட்டார். இரண்டரையாம் அடுக்கால் வகுத்து 1.3ஆல் பெருக்கச் சொன்னார். 180 செ.மீ. உயரமும் 75 கிலோ எடையும் உள்ள பெண்ணுக்குப் பழைய கணக்கில் 23.1 வரும், புதியதில் 22.4. 150 செ.மீ. உயரமும் 51 கிலோவும் உள்ளவளுக்குப் பழையதில் 22.7, புதியதில் 24.1. 23 என்ற கோட்டின் இரு பக்கங்களிலும் நின்ற இருவரும் இடம் மாறிக்கொள்கிறார்கள். யார் உடம்பிலும் ஒரு கிராம் கூடவோ குறையவோ இல்லை. அடுக்கில் ஓர் அரை கூடியது, அவ்வளவே.

உயரமான பெண்ணுக்கு இழைக்கப்பட்ட அநீதி நிரூபணமாகிவிட்டது என்று இங்கேயே முடித்துக்கொள்ளலாம். அது சுலபம், நேர்மையாகாது. பெருந்திரளான மக்களை அளந்தவர்கள், எடை உயரத்தின் இரண்டாம் அடுக்கை ஒட்டியே போகிறது என்கிறார்கள். பெண்களிடையே அது இரண்டுக்கும் குறைவாக வந்த ஆய்வுகளும் உண்டு. இவர்கள் சொல்வதும் பொய்யில்லை. டிரெஃபெதன் ஒரு வடிவத்தைப் பற்றிப் பேசுகிறார். இவர்கள் ஒரு கூட்டத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். என் அக்கா மகள் கூட்டமும் இல்லை, வடிவமும் இல்லை. பந்தை அடிக்க எழும்பி எழும்பித் தொடையில் தசை ஏறிய ஒருத்தி. அந்தத் தசைக்கும் கொழுப்புக்கும் வித்தியாசம் சொல்ல இரண்டாலும் ஆகாது, இரண்டரையாலும் ஆகாது.

குழப்பத்தின் வேர் சூத்திரத்தைவிட ஆழத்தில் இருக்கிறது. எடை உயரத்தின் வர்க்கத்தை ஒட்டிச் செல்வதைக் கவனித்தவர் பெல்ஜியத்து வானியலாளர் அடால்ஃப் கெட்லே. ‘சராசரி மனிதன்’ என்ற கருத்தை 1835இல் வெளிவந்த தம் நூலில் விரித்துச் சொன்னவரும் அவரே. வானியலில் ஒரே நட்சத்திரத்தைப் பலமுறை நோக்கினால் ஒவ்வொரு முறையும் சற்று வேறு இடம் கிடைக்கும். அவற்றின் சராசரியே உண்மையான இடத்துக்கு மிக அருகில் இருக்கும். மற்ற விலகல்களெல்லாம் பிழை. இந்த முறையைக் கெட்லே மனிதர்கள்மேல் போட்டார். நட்சத்திரம் ஒன்று, பார்வைகள் பல என்பதால் அங்கே சராசரி ஏதோ ஒன்றைச் சுட்டுகிறது. மனிதர்களோ பலர், அவர்களின் சராசரி சுட்டும் இடத்தில் யாரும் நிற்கவில்லை. யாருமற்ற அந்த இடத்தில் கெட்லே ஒரு லட்சிய மனிதனை நிறுத்தினார். சராசரிதான் அழகு, சராசரிதான் நிறைவு என்றார். அந்தக் கணத்திலிருந்து உயரமான பெண் ஒரு பிழையானாள், வானியல் அர்த்தத்திலேயே.

‘பாடி மாஸ் இண்டெக்ஸ்’ என்ற பெயரை 1972இல் சூட்டியவர் அமெரிக்க உடலியல் அறிஞர் ஆன்ஸல் கீஸ். அமெரிக்கா, பின்லாந்து, இத்தாலி, ஜப்பான், தென்னாப்பிரிக்கா ஆகிய ஐந்து நாடுகளின் 7,424 பேரை வைத்து அவரும் சகாக்களும் செய்த ஆய்வு அது. 7,424 பேரும் ஆண்கள். அவர்கள் முடிவும் அடக்கமானதே. இந்த எண் முழுத் திருப்தி தராவிட்டாலும் எடையையும் உயரத்தையும் இணைக்கும் மற்ற எண்களுக்குக் குறைந்ததில்லை என்ற அளவுக்குத்தான் சொன்னார்கள். அந்த அடக்கம் முகாம் அட்டைக்கு வந்து சேரும்போது காணாமல் போய்விட்டது.

எண்ணைத் தூக்கி எறிந்துவிடலாம் என்பது சோம்பேறியின் முடிவு. உசிலம்பட்டிப் பக்கமோ மேலூர்ப் பக்கமோ ஒரு கிராமத்தில் செவிலியர் கையில் இருப்பது ஓர் எடைக் கருவியும் சுவரில் ஒட்டிய அளவு நாடாவும்தான். அதைக் கொண்டு நூறு பேரில் யாருக்குச் சர்க்கரை பார்க்க வேண்டும், எந்தப் பெண் உண்ணப் போதாமல் மெலிகிறாள் என்று முதல் சலிப்பு சலிக்க முடிகிறது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 40.4 சதவீதம் பேர் 25ஐத் தாண்டிவிட்டதாகவும், 12.6 சதவீதம் பேர் 18.5க்குக் கீழே இருப்பதாகவும் சொன்னது. ஒரே மாநிலத்தில் மிகையும் பற்றாக்குறையும். இதைக் காட்ட இந்த எண்ணைவிட மலிவான கருவி கிடையாது. கூட்டத்துக்காகப் பிறந்த எண், கூட்டத்தைப் பற்றிக் கேட்டால் ஒழுங்காகவே பதில் சொல்கிறது.

ஒருவரைப் பற்றிக் கேட்டால்தான் தடுமாறுகிறது. புனேயின் மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டனின் மருத்துவர் யுட்கினும் 2004இல் தங்கள் இருவரையுமே அளந்து வெளியிட்டார்கள். இருவருக்கும் ஒரே எண், 22.3. உடற்கொழுப்போ யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. ஒருத்தியின் தசையைக் கொழுப்பென்று வைது, இன்னொருவரின் கொழுப்பைக் காணாமல் விட்டுவிடுகிறது அதே எண்.

வங்கி மேஜையில் உட்கார்ந்திருப்பவனுக்கு இது புதிதல்ல. கடன் கேட்டு வருகிறவருக்கு 300 முதல் 900 வரை ஒரு மதிப்பெண் உண்டு. ஆளை இன்னும் கூர்ந்து பார்க்க உதவட்டும் என்று வந்த எண், நாளடைவில் ஆளைப் பார்க்காமலிருக்க உதவுகிறது. எதிரே ஒருவர் நிற்கிறார். நாங்கள் திரையைப் பார்க்கிறோம். இதில் கெட்டவர் யாருமில்லை. எண்ணைக் காட்டி மறுத்தால் மறுத்தவன் நானில்லை என்று ஆகிவிடுகிறது. அளவுகோலின் உண்மையான கவர்ச்சி இங்கேதான் என்று நினைக்கிறேன். துல்லியத்தைவிட, பொறுப்பிலிருந்து அது தரும் விடுதலையே பெரிது.

இந்த விடுதலை எதற்குப் பயன்படும் என்பதற்கு விமானப் பணிப்பெண்களின் கதை சாட்சி. அந்த வேலைக்குக் குறைந்தபட்ச உயரம் கேட்பது வழக்கம். உயரமானவளைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் பிறகு அவளை நிறுக்கிறார்கள். 2014இல் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் பணிக்குழுவினருக்கு வகுத்த விதியில் இயல்பான பி.எம்.ஐ. ஆண்களுக்கு 25 வரை, பெண்களுக்கு 22 வரை. 2015இல் ஏர் இந்தியா சுமார் 125 பேரைப் பறக்கும் பணியிலிருந்து விலக்கப்போவதாகச் செய்தி வந்தது. 180 செ.மீ. உயரமுள்ள ஆண் 81 கிலோ வரை இருக்கலாம். அதே உயரப் பெண் 71ஐத் தாண்டினால் கூடாது. உலக சுகாதார நிறுவனத்தின் கோடுகளில் ஆண் பெண் பேதம் கிடையாது. இங்கே அந்த மூன்று புள்ளி வித்தியாசத்தைக் கொண்டுவந்தது மருத்துவமா, பார்க்கிற கண்ணா? இடுப்பைப் பற்றி வாய்விட்டுச் சொல்லக் கூசுகிறவர்கள் அதையே தசம புள்ளி வைத்துச் சொன்னார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அளவே கூடாது என்று கலைஞர்கள் சொல்வது வாடிக்கை. நம் ஸ்தபதிகளிடம் அந்த வீறாப்பு கிடையாது. தாலமானத்தில் எல்லாம் கணக்கு. ஆனால் உருவத்தின் உயரத்தையே 124 பாகமாகவோ, தேவியர்க்கு 120 பாகமாகவோ பகுத்து, ஒரு பாகத்தை அங்குலமாகக் கொள்கிறார்கள். தேகாங்குலம் என்று அதற்குப் பெயர். கோல் உருவத்திலிருந்தே பிறக்கிறது. அதன் முடிவு ஒரு லட்சியம் என்பதும் ஒளிவுமறைவில்லாத சங்கதி. சித்திரை வீதியில் நடந்து போகிறவள் அந்த விகிதத்தில் இருக்க வேண்டும் என்று அது கேட்பதில்லை. கெட்லேயின் சராசரியோ லட்சியமாக இருந்துகொண்டே வெறும் கணக்கைப் போல நடிக்கிறது.

இந்த ஊரின் அரசி அளவுக்கு மீறிய உடலோடு வேள்வியில் பிறந்தவள். மூன்று முலையோடு வந்த தடாதகையைக் கண்டு பாண்டியன் கலங்க, மகனைப் போல வளர்த்து முடிசூட்டு என்றது அசரீரி. கைலாயத்தில் சிவனைக் கண்டதும் மூன்றாவது முலை மறைந்தது. புராணமும் கடைசியில் அவளை வழக்கமான அளவில் கொண்டுவந்துதான் நிறுத்துகிறது. அதை மறைப்பதற்கில்லை. ஆனால் உடல் சரியான பிறகு முடி என்று அது சொல்லவில்லை. முடியும் திக்விஜயமும் முதலில், அளவு பிறகு.

2025 ஜனவரியில் லான்செட் குழுவின் வல்லுநர்கள், பி.எம்.ஐ. ஒன்றை மட்டும் வைத்து ஒருவரைப் பருமன் நோயாளி என்று தீர்மானிக்கக் கூடாது. இடுப்புச் சுற்றளவு போன்ற இன்னோர் அளவையோ கொழுப்பின் நேரடி அளவையோ பார்த்து, உறுப்புகள் பாதிக்கப்பட்டிருக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும் என்றார்கள். அறிவியல் தன் கோலைத் தானே திருத்திக்கொள்கிறது. நாம்தான் அதை வாங்கித் தீர்ப்பாக்கிக் கொள்கிறோம். இலக்கியத்திலும் ‘சராசரி வாசகன்’ என்று ஒருவனைக் காட்டிப் பத்திரிகைகள் நம்மைத் திருப்பி அனுப்பியதுண்டு. அவனை நேரில் சந்தித்தவர் யாருமில்லை. அவன் பெயரைச் சொன்னால் கையிலிருக்கும் கவிதையை வாசிக்க வேண்டியதில்லை, அவ்வளவுதான்.

எண்ணுக்குக் கேள்வி கேட்க உரிமை உண்டு. 23.6 என்ற எண், இந்தப் பெண்ணைச் சற்று நிமிர்ந்து பாருங்கள், என்ன சாப்பிடுகிறாள், எப்படி ஆடுகிறாள், இடுப்பு என்ன, ரத்தத்தில் சர்க்கரை என்ன என்று விசாரியுங்கள் என்று சொல்வதானால் அது நல்ல எண். விசாரிக்க வேண்டியதில்லை என்று சொல்லும் இடத்தில் அது பனைமரம், நெட்டச்சி என்ற பழைய சொற்களோடு போய்ச் சேர்ந்துகொள்கிறது. அந்தச் சொற்களிடம் ஒரு நேர்மையாவது இருந்தது. சொன்னவன் யார் என்று தெரியும்.